ஃபுட்பால் மேனேஜரில் ஏஐ-யைத் தன் போக்கில் விட்டுச் சோதனை செய்வது எப்படி?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கால்பந்து கிளப்பை நிர்வகிக்கும் கணினி விளையாட்டான ஃபுட்பால் மேனேஜரில், இங்கிலாந்தின் ஐந்தாம் நிலையான நேஷனல் லீகில் இருக்கும் ஒரு சின்ன கிளப்பை எடுத்திருக்கிறீர்கள். விளையாட்டின் தரவை மாற்ற உதவும் எடிட்டரில் 16 வயதுப் பையன்கள் 20 பேரை, பெரிய எதிர்காலம் உள்ளவர்களாக அமைத்து, அந்த கிளப்பில் போட்டிருக்கிறீர்கள். பிறகு எதிலும் கை வைக்காமல் 20 வருஷம் ஓட விட்டீர்கள். கிளப் மூன்றாம் நிலை வரை ஏறியது, அப்புறம் மெல்ல மெல்ல ஐந்தாம் நிலைக்கே இறங்கிவிட்டது. அதைப் படங்களோடு பகிர்ந்தபோது, ‘இது வெறும் அதிர்ஷ்டம், இதிலிருந்து என்ன தெரிகிறது?’ என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் நம்பும்படி இதை எப்படிச் செய்வது, எப்படிப் பகிர்வது என்று கேட்கிறீர்கள். அந்த இருவரும் கேட்டது நியாயமான கேள்வி. கிளப் ஏறியதும் இறங்கியதும் நீங்கள் செய்த மாற்றத்தால்தான் என்று எப்படித் தெரியும்? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால், நம்ப வைக்கும் வேலை பாதி முடிந்த மாதிரி.

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். இந்த விளையாட்டை 2005 பதிப்பிலிருந்து ஆடி வருகிறேன். அணியை நானே நடத்துவதைவிட, ஒன்றை மாற்றிவிட்டு உலகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பதில்தான் எனக்கு ஆசை அதிகம். எனவே உங்கள் ஆர்வம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஏஐ என்றதும் இப்போதெல்லாம் பேசும் செயலிகள்தான் நினைவுக்கு வருகின்றன. இங்கே அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. இந்த விளையாட்டில் ஏஐ என்றால் கணினி நடத்தும் மேனேஜர்கள். ஒவ்வொரு மேனேஜருக்கும் ஆட்டக்காரரின் திறனைக் கணிக்கும் அளவு, இளைஞர்களோடு வேலை செய்யும் அளவு, வியூக அறிவு என்று 1 முதல் 20 வரையிலான எண்கள் உண்டு. பிடித்த ஃபார்மேஷனும், அதாவது ஆட்டக்காரர்களைக் களத்தில் நிறுத்தும் அமைப்பும், உண்டு. யாரை வாங்குவது, யாரை விற்பது, சனிக்கிழமை யாரை இறக்குவது என்பதெல்லாம் இந்த எண்களும் விதிகளும் பகடையும் சேர்ந்து முடிவாகிறது. அந்தப் பகடையை மறந்துவிடக் கூடாது. முதல் நாள் சேவ் செய்த அதே ஃபைலைத் திறந்து இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள், இரண்டு வெவ்வேறு சாம்பியன்கள் வருவார்கள். எதையும் மாற்றாமலே இப்படி வரும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு விளையாட்டை விட்டு நிஜ வாழ்க்கையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். லெஸ்டர் சிட்டி 2014-15 பருவத்தில் 41 புள்ளிகளோடு 14ஆம் இடம். 2015-16இல் 81 புள்ளிகளோடு பிரீமியர் லீக் சாம்பியன். 2016-17இல் 44 புள்ளிகளோடு 12ஆம் இடம். மூன்று பருவங்களிலும் அணியின் பெரும்பகுதி ஏறத்தாழ அதே ஆட்கள்தான். மேனேஜராக ரனியேரி வந்தார், நடுக்கள ஆட்டக்காரர் காண்டே ஒரு வருஷம் ஆடிவிட்டு செல்சிக்குப் போனார், இப்படிக் காரணங்கள் சொல்லலாம், அவை பொய்யல்ல. ஆனால் நடு வருஷத்தின் புள்ளிப்பட்டியலை மட்டும் ஒருவர் படமெடுத்து, ‘மேனேஜரை மாற்றினேன், அணி சாம்பியன் ஆகிவிட்டது’ என்று பகிர்ந்திருந்தால் எப்படி இருக்கும்? நாம் பகிரும் சோதனைகளில் பாதி அப்படித்தான் இருக்கின்றன. அதே மேனேஜர் அதற்கடுத்த பருவத்தின் பாதிக்கு மேல் இருந்தும் அணி கீழ்ப்பாதியில்தான் முடித்தது.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுவிடுவோம். ஓர் அணி ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயிக்க 45 சதவீதம், டிரா செய்ய 25 சதவீதம், தோற்க 30 சதவீதம் வாய்ப்புள்ளது என்று வைத்துக்கொள்ளுங்கள். 38 ஆட்டங்களில் சராசரியாக 61 புள்ளி வரும். ஆனால் வெறும் பகடையின் புண்ணியத்தில் அது மேலும் கீழும் சுமார் 8 புள்ளி ஆடும். அதாவது, திறனில் துளி மாற்றம்கூட இல்லாமல் அந்த அணி ஒரு தடவை 53இலும் இன்னொரு தடவை 69இலும் முடிக்கலாம். ஒன்று பட்டியலின் நடுப்பகுதி, மற்றொன்று ஐரோப்பியப் போட்டிக்குப் போகும் இடம். இந்தக் கணக்கு ஒவ்வொரு ஆட்டமும் தனித்தனி என்று எடுத்துக்கொள்கிறது. காயம், ஊக்கம், மேனேஜரை நீக்குவது எல்லாம் சேர்ந்தால் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் பெரிதாகத்தான் இருக்கும். ஒரே அமைப்பை 20 தடவை ஓட்டிச் சராசரி எடுத்தால் அந்த 8 ஏறக்குறைய 2 ஆகச் சுருங்கும். மாற்றம் செய்தது 20 ஓட்டம், செய்யாதது 20 ஓட்டம் என்று ஒப்பிடும்போது, இரண்டு சராசரிகளுக்கும் இடையில் 5 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதைப் பற்றிப் பேசலாம். 2 புள்ளி வித்தியாசத்துக்கு ஒன்றும் பேச வேண்டாம்.

ஆமா, இல்லை என்று பதில் வரும் கேள்விகளில் இன்னும் கவனம் வேண்டும். ‘இந்த கிளப் 20 வருஷத்துக்குள் பிரீமியர் லீகுக்குப் போகுமா?’ என்று 10 தடவை ஓட்டினீர்கள், ஒரு தடவைகூடப் போகவில்லை. ‘போகவே போகாது’ என்று எழுதிவிட முடியாது. உண்மையான வாய்ப்பு நான்கில் ஒன்று இருந்தாலும் 10 தடவையும் தவறிப்போவது சாத்தியமே. 100இல் 5, 6 முறை அப்படி நடக்கும்.

ஆகவே, முதலில் செய்ய வேண்டியது, எதையும் மாற்றாத ஓட்டம். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் இதில் பார்க்க சுவாரசியமாக ஒன்றும் இல்லை. நானும் விட்டிருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன், நான்காம் நிலை கிளப் ஒன்றுக்கு மிகத் திறமையான ஒரு மேனேஜரை எடிட்டரில் கொடுத்து ஓட்டினேன். இரண்டு வருஷத்தில் அணி மேலே போனது. நீளமாக எழுதி, படம் போட்டு, மேனேஜரின் எந்த எண் எப்படி உதவியது என்றெல்லாம் விளக்கினேன். ஒருவர் வந்து, மேனேஜரை மாற்றாமல் ஓட்டினீர்களா என்று கேட்டார். ஓட்டிப் பார்த்தேன். பழைய மேனேஜரோடும் அந்த அணி பெரும்பாலான ஓட்டங்களில் மேலே போனது. டேட்டாபேஸிலேயே அந்த அணி அந்த லீகுக்கு மிகப் பலமான அணியாக இருந்திருக்கிறது. எழுதியதைத் திருத்தி, மேலேயே அதைச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மாற்றாத ஓட்டம் இல்லாமல் எதையும் பகிர்வதில்லை.

இனி உங்கள் சோதனைக்கு வருவோம். பையன்களைக் கொடுத்தும் கிளப் இறங்கியது ஏன் என்பதற்கு, நீங்கள் சொன்னதை வைத்து என்னால் சில காரணங்களை ஊகிக்க முடிகிறது. 16 வயது என்பதே முதல் சிக்கல். இங்கிலாந்தில் 17 வயதில்தான் தொழில்முறை ஒப்பந்தம் போட முடியும்; விளையாட்டிலும் அதே விதிதான். அதற்கு முன் பையன்கள் இளையோர் ஒப்பந்தத்தில் இருப்பார்கள். அந்த நிலையில் பெரிய கிளப்புகள் ஓர் இழப்பீட்டைக் கட்டிவிட்டு அவர்களை அள்ளிக்கொண்டு போய்விடலாம். உங்கள் 20 பேரில் எத்தனை பேர் இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் அந்த கிளப்பிலேயே இருந்தார்கள் என்று பார்த்தீர்களா? ஒருவேளை 4 பேர்தான் மிஞ்சியிருந்தால், 20 வருஷமாக நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது வேறொரு சோதனை. அதைத் தவிர்க்க, 18 வயதுப் பையன்களாக, நீண்ட தொழில்முறை ஒப்பந்தத்தோடு கொடுத்துத் தொடங்குங்கள். தொடங்கும்போது முதல் டிரான்ஸ்பர் காலத்தில் வாங்கல் விற்றல் நடக்காமல் நிறுத்தும் தேர்வு இருக்கிறது, அதையும் போடுங்கள்.

இரண்டாவது, பொட்டன்ஷியல் என்ற எண்ணைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 200க்கு 180 என்று கொடுத்துவிட்டால் பையன் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவான் என்று பொருள் அல்ல. அது கூரை. தரையிலிருந்து அதுவரை ஏற ஆட்ட வாய்ப்பும் நல்ல பயிற்சி வசதியும் அவனுடைய தொழில்சிரத்தையும் வேண்டும். அந்தத் தொழில்சிரத்தை ஆட்டத்துக்குள் எண்ணாகக் கண்ணில் படாது, எடிட்டரில்தான் தெரியும். ஐந்தாம் நிலையில் சில கிளப்புகள் பகுதிநேர கிளப்புகள். ஆட்டக்காரர்கள் வேறு வேலைக்குப் போய்க்கொண்டே ஆடுபவர்கள். விளையாட்டிலும் அந்த கிளப் பகுதிநேர நிலையில் இருந்தால் பயிற்சி குறைவு, வளர்ச்சி மெது. உங்கள் கிளப் எந்த நிலையில் இருக்கிறது என்று எடிட்டரில் பாருங்கள். இன்னொன்றும் பொட்டன்ஷியலிலேயே ஒளிந்திருக்கிறது. எண்ணுக்குப் பதிலாக மைனஸ் 9, மைனஸ் 8 என்று கொடுத்தால், புதிதாக விளையாட்டைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அந்த எண்ணுக்குரிய வரம்புக்குள் விளையாட்டே ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கும். மைனஸ் 9 என்றால் 150 முதல் 180 வரை எதுவும் வரலாம். கதைக்கு அது நல்லது, சோதனைக்கு ஆகாது. நிலையான எண்ணையே கொடுங்கள்.

மூன்றாவது, கிளப்பின் ரெப்யூடேஷன், அதாவது அதற்கு இருக்கும் பெயர். பையன்கள் 21 வயதில் நன்றாக வளர்ந்துவிட்டால், தங்களை இந்த கிளப்பைவிடப் பெரியவர்களாக நினைத்துக்கொண்டு வெளியேறக் கேட்பார்கள். கிளப்பிடம் காசும் குறைவு. கணினி மேனேஜர் விற்றுவிடுவார். அந்தப் பணம் என்ன ஆனது என்பதுதான் உங்கள் சோதனையிலேயே ருசியான பகுதி என்று எனக்குத் தோன்றுகிறது. கிளப் அதை மைதானத்திலும் பயிற்சி வசதியிலும் போட்டதா, வயதான ஆட்டக்காரர்களுக்குச் சம்பளமாகக் கொடுத்துக் கரைத்ததா? ஏறியது பையன்களால்; இறங்கியது அவர்களை விற்றபின் வந்த முடிவுகளால். இப்படி இருக்கலாம் என்பது என் ஊகம் மட்டுமே. வருஷாவருஷம் அணிப் பட்டியலையும் நிதி நிலையையும் சேமித்திருந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

ஓட்டும் முறையில் சில விஷயங்களை நிச்சயமாகச் சொல்லலாம். நீங்களே அந்த கிளப்பின் மேனேஜராகச் சேர்ந்து ஹாலிடேயில் (நீங்கள் இல்லாமல் விளையாட்டைத் தானாக ஓட விடும் வசதி) போகாதீர்கள். அப்படிப் போனால் உங்கள் உதவி மேனேஜர்தான் அணியைப் பார்த்துக்கொள்வார், மேனேஜர் நாற்காலியில் உங்கள் பெயர்தான் இருக்கும். அது ஏஐ மேனேஜரின் சோதனை ஆகாது. வேலையில்லாத மேனேஜராகத் தொடங்கி, தேதி கொடுத்து ஹாலிடேயில் போங்கள். அப்புறம், எந்த லீகுகளை ஆடக்கூடியவையாகத் திறக்கிறீர்கள் என்பது முடிவையே மாற்றும். இங்கிலாந்தை மட்டும் திறந்தால் வேகமாக ஓடும், ஆனால் மற்ற நாடுகளின் சந்தை மெலிந்துவிடும். ஆட்டங்கள் எவ்வளவு விவரத்தோடு கணக்கிடப்படுகின்றன என்பதற்கும் ஓர் அமைப்பு உண்டு. முழு விவரம் இல்லாத போட்டிகளை விளையாட்டு குறுக்குவழியில் கணக்கிட்டுவிடும். நீங்கள் கவனிக்கும் லீகை முழு விவரத்தில் வையுங்கள். எல்லா ஓட்டங்களிலும் அதே அமைப்பு இருக்கட்டும். குறுக்குவழிக் கணக்கு முழுக் கணக்கிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதில் ஆடுபவர்களிடையே ஒரே கருத்து இல்லை. நாம் யாரும் உள்ளே எழுதியிருக்கும் நிரலைப் பார்த்ததில்லை. வெளியே வருவதை வைத்துத்தான் பேசுகிறோம். வேகமும் முடுக்கமும் மற்ற எண்களைவிட மிகக் கனமாக வேலை செய்கின்றன என்று பலர் தனித்தனியாகச் சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள், என் ஓட்டங்களிலும் அதேதான் வந்தது. ஆனால் அது நான் ஆடிய பதிப்புகளுக்கு. அடுத்த பதிப்பிலும் அப்படியே என்று எழுத மாட்டேன்.

சேவ் செய்வதில் ஒரு எச்சரிக்கை. தானாகச் சேவ் ஆகும் வசதி பழைய ஃபைலின் மேலேயே எழுதிவிடும்படி அமைந்திருக்கலாம். 20 வருஷம் ஓடி முடிந்தபின் கையில் கடைசி ஃபைல் மட்டும் இருக்கும். கிளப்பின் வரலாற்றுப் பக்கத்தில் எந்த வருஷம் எந்த இடம் என்பது கிடைக்கும், ஆனால் அந்த வருஷம் யார் ஆடினார்கள், என்ன சம்பளம் என்பது கிடைக்காது. ஒவ்வொரு ஜூன் மாதக் கடைசிவரை மட்டும் ஹாலிடே கொடுத்து, வருஷத்தைப் பெயராக வைத்துத் தனி ஃபைலாகச் சேவ் செய்யுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் ‘ஏன்’ என்று யாராவது கேட்டால் பதில் அந்த ஃபைல்களில்தான் இருக்கும்.

பகிரும்போது, இந்த விளையாட்டின் முடிவு எதைப் பற்றியது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். டேட்டாபேஸ் மனிதர்கள் பார்த்துப் போட்ட மதிப்பெண்களின் தொகுப்பு. இந்த விளையாட்டின் முன்னோடியான சாம்பியன்ஷிப் மேனேஜரின் 2001-02 பதிப்பில் டோ மதெய்ரா என்ற போர்ச்சுகல் முன்கள ஆட்டக்காரர் இருந்தார். உலகம் முழுக்க ஆடியவர்கள் அவரை வாங்கிக் கோல் மழை பொழிய வைத்தார்கள். நிஜத்தில் அப்படியொரு நட்சத்திரமே இல்லை, தகவல் சேகரித்தவர் சேர்த்துவிட்ட பெயர் அது. பின்னால் நீக்கிவிட்டார்கள். அந்தப் பதிப்பை ஆயிரம் தடவை ஓட்டியிருந்தாலும் ஆயிரம் தடவையும் அவர் கோல் போட்டிருப்பார். அதிகத் தடவை ஓட்டுவது பகடையைச் சமன் செய்யும், தவறான தரவைச் சரி செய்யாது. எனவே ‘இந்த இளைஞர் 2035இல் உலகின் சிறந்த வீரர்’ என்று எழுதாமல், ‘இந்தப் பதிப்பின் டேட்டாபேஸ்படி’ என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். 2016 நவம்பரில் வந்த 2017 பதிப்பில் பிரெக்ஸிட்டை, அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதை, சேர்த்தார்கள். எப்போது, எந்த வடிவில், வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு எவ்வளவு கடுமையான விதியோடு வரும் என்பது சேவுக்குச் சேவ் மாறியது. அந்தப் பதிப்பில் 20 வருஷம் ஓட்டிய இருவர் ஒருவரோடொருவர் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால், ஒரே இங்கிலாந்தைப் பற்றிப் பேசியிருக்கவே மாட்டார்கள். அதனால்தான் பதிப்பு எண், அப்டேட், திறந்த லீகுகள், டேட்டாபேஸின் அளவு, தொடக்கத் தேதி, தேர்வுகள், ஓட்டங்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் பதிவின் தொடக்கத்திலேயே ஒரு பத்தியில் எழுதச் சொல்கிறேன்.

ஃபைல்களையும் கொடுங்கள். எடிட்டரில் நீங்கள் செய்த மாற்றம் எஃப்எம்எஃப் என்ற வகை ஃபைலாகச் சேமிக்கப்படும், சின்னது. அதோடு முதல் நாள் சேவ் ஃபைலையும் கொடுத்தால், வேறொருவர் தன் வீட்டில் ஓட்டிப் பார்க்க முடியும். உங்களுக்கு 8 ஓட்டத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், வாசிப்பவர்களில் 6 பேர் ஆளுக்கு இரண்டு ஓட்டினால் 20 ஆகிவிடும். படங்களைப் பொறுத்தவரை, மிக அழகாக வந்த ஓட்டத்தை விரிவாகக் காட்டுவதில் தவறில்லை. எந்தப் பையன் கடைசிவரை கிளப்பை விட்டுப் போகாமல் இருந்தான், எந்த ஆட்டத்தில் மேலே போனார்கள் என்பதையெல்லாம் படிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் எல்லா ஓட்டங்களின் முடிவும் ஒரு பட்டியலாகப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்றும் நடக்காமல் நேஷனல் லீகிலேயே 20 வருஷம் கிடந்த ஓட்டமும் அதில் ஒரு வரியாக இருக்கட்டும்.

அடுத்து இந்தியாவின் யூத் ரேட்டிங்கை (ஒரு நாட்டில் உருவாகும் இளம் ஆட்டக்காரர்களின் தரத்தைத் தீர்மானிக்கும் எண்) உயர்த்திப் பார்க்கலாமா என்றும் கேள்வியின் கடைசியில் கேட்டிருந்தீர்கள். தாராளமாக, ஆனால் அதற்கு 20 வருஷம் குறைவு. ரேட்டிங்கை உயர்த்தினால் இன்று இருக்கும் ஆட்டக்காரர்கள் மாற மாட்டார்கள், நியூஜென்கள், அதாவது இனி விளையாட்டே உருவாக்கும் கற்பனை ஆட்டக்காரர்கள்தான் மாறுவார்கள். 15, 16 வயதில் தோன்றி, உச்சத்துக்கு வர 10 வருஷம் ஆகும். அவர்களை வளர்க்கும் கிளப்புகளின் வசதியும் பயிற்சியாளர்களும் பழையபடியே இருந்தால் பாதி விளைவு அங்கேயே நின்றுவிடும். 30 வருஷமாவது ஓட்டுங்கள்.

இப்போதைக்கு ஐந்தாம் நிலை கிளப்பையே முடிப்போம். இன்றிரவு பையன்களைச் சேர்க்காத சேவ் ஃபைலை ஓட விட்டுவிட்டுத் தூங்குங்கள். சில லீகுகள் மட்டும் திறந்திருந்தால் என் லேப்டாப்பில் ஓர் இரவுக்குள் ஓர் ஓட்டம் முடிந்துவிடும். ஐந்து இரவுகளில் ஐந்து ஓட்டம் கையில் இருக்கும். அதை இங்கே போடுங்கள். அதோடு, 18 வயதுப் பையன்களைச் சேர்த்தால் 20 வருஷ முடிவில் கிளப் எந்த நிலையில் இருக்கும் என்ற உங்கள் ஊகத்தையும், சேர்த்து ஓட்டுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். என் ஊகம் நான்காம் நிலை. உங்கள் முதல்நாள் சேவ் ஃபைலைக் கொடுத்தால் நான் நான்கு ஓட்டம் ஓட்டித் தருகிறேன்.